இருபது வினாடிக்காக ஒரு கப்பல்

போர்ட்ஸ்மவுத்துக்குப் போர்க்கப்பல் பார்க்க வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் துறைமுகத்துக்குப் போவார்கள். நாங்கள் குன்றுக்குப் போனோம். சவுத்தாம்ப்டனில் பொறியியல் படிக்கும் அக்கா மகனின் ஏற்பாடு அது. "அங்க ஒரு கப்பல் மலை மேல நிக்குது மாமா. அதைப் பார்த்துட்டு அப்புறம் தண்ணிக்குப் போகலாம்" என்றான்.

ஊருக்கு வடக்கே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது போர்ட்ஸ்டவுன் குன்று. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. உச்சியில் கார்களை நிறுத்திவிட்டு, வண்டிக்கடையில் பர்கர் வாங்கிக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க மக்கள் தெற்கே பார்த்து நிற்கிறார்கள். தட்டையான தீவின் மேல் நெருக்கியடித்த ஊர், அதன் ஓரத்தில் 170 மீட்டர் உயர ஸ்பின்னக்கர் கோபுரம், அதற்கப்பால் சோலன்ட் நீரிணை, தெளிவான நாளென்றால் வைட் தீவு. ஊர்க்காரர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத ஒன்று அதே குன்றில் வேலிக்குள் இருக்கிறது: சாம்பல் நிறக் கட்டடத்தின் மேல் போர்க்கப்பலின் மேல்பாதி. கூம்பிக்கொண்டே போகும் கோபுரம், அதன் உச்சியில் பெரிய உருண்டை. பிரிட்டிஷ் கடற்படையின் டைப் 45 நாசகாரிக் கப்பல்களுக்கான தரைச் சோதனைக்கூடம் அது. ரேடாரையும் போர்க் கணினிகளையும் இங்கே இணைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள்.

குன்றில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1860களில் பிரதமர் பாமர்ஸ்டன் காலத்தில் தொடங்கிய செங்கல் கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முகம் கடலைப் பார்த்து இல்லை, வடக்கே நிலத்தைப் பார்த்து இருக்கிறது. பீரங்கிகளின் வீச்சு கூடிவிட்ட காலம் அது. பிரெஞ்சுப் படை வேறெங்கோ கரையேறி, பின்பக்கமாக வந்து இந்தக் குன்றைப் பிடித்துவிட்டால், இங்கிருந்தபடியே கப்பல் தளத்தைக் குண்டுவீசி அழித்துவிடலாம். அந்தப் பயத்தில் கட்டியவை. பிரெஞ்சுக்காரர்கள் வரவேயில்லை, ஊர்க்காரர்கள் அவற்றுக்குப் 'பாமர்ஸ்டனின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதிரி என்ன கொண்டு வருவான் என்று கணித்து, பெரும் பணத்தைக் கொட்டி, பல ஆண்டுகள் எடுத்துக் கட்டுவது, பிறகு அவன் வேறு எதையாவது கொண்டுவருவது, அல்லது வராமலே போவது: போர்ட்ஸ்மவுத்தில் எங்கே திரும்பினாலும் இந்தக் கதைதான். டைப் 45 அதில் கடைசி அத்தியாயம்.

பேருந்து பிடித்துத் துறைமுகத்துக்கு இறங்கினோம். பழைய கப்பல் தளத்துக்குள்ளிருந்து சுற்றுலாப் படகு புறப்படுகிறது. முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலான சுற்று. தளபதி நெல்சன் டிரஃபால்கர் போரில் உயிர்விட்ட விக்டரி கப்பல் உலர்துறையில் சாரங்களுக்கு நடுவே பழுதுபார்ப்பில் இருந்தது. படகு திரும்பியதும் கடற்படைத் தளம் தொடங்கிவிடுகிறது. ஒலிபெருக்கியில் பேசியவர் முன்னாள் மாலுமியாம். தாம் வேலை பார்த்த கப்பல்களையே கிண்டலடிப்பதில் அவருக்குத் தனி சுகம்.

விமானந்தாங்கிக் கப்பலின் செங்குத்துச் சுவரைத் தாண்டியதும் டைப் 45 கண்ணில் பட்டது. பக்கவாட்டில் பெரிதாக D34. டயமண்ட். 152 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம். பீரங்கிகள் நாலாபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் பழைய படத்து நாசகாரியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். முன்னால் ஒரே ஒரு 4.5 அங்குலத் துப்பாக்கி. அதன் கூண்டும் பட்டைகளாகச் செதுக்கியது. அதற்குப் பின்னால் தாழ்வான அரண்போல ஒரு தடுப்பு. பக்கச் சுவர்கள் எங்கும் நேர்க்குத்தாக இல்லை. நீர்மட்டத்திலிருந்து வெளியே சரிந்து, மேல்தளத்திலிருந்து உள்ளே சரிகின்றன. சிறு படகுகளைக்கூடக் கதவு போட்டு மூடி உள்ளே வைத்திருக்கிறார்கள். எதிரி அனுப்பும் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு திசைக்குச் சிதற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை சரிவும் மழிப்பும். கயிறு, கம்பி, ஏணி என்று கப்பலுக்கே உரிய குப்பைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேல்தளத்தில் ஒரு மாலுமி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் நடமாட்டம்.

பார்வை தானாகவே மேலே போகிறது. கப்பலின் நடுவுக்கு முன்னால் அந்தக் கோபுரம். உச்சியில், குன்றில் பார்த்த அதே உருண்டை. கோபுரம் கப்பலுக்குச் சற்று அதிகம் என்றே தோன்றுகிறது. அக்கா மகனும் அதைத்தான் கேட்டான்: "இவ்ளோ பாரத்தை இவ்ளோ உயரத்துல வெச்சா கப்பல் ஆடாதா மாமா?" நல்ல கேள்வி. இந்தக் கப்பலின் வடிவமைப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

ரேடார் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டி ஐந்து மீட்டர் உயரத்தில் ஓர் ஏவுகணை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடார் 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஏவுகணை சுமார் 25 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் அடிவானத்துக்கு மேலே தலைகாட்டும். அதே ரேடாரை 30 மீட்டரில் வைத்தால் சுமார் 32 கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். தெருமுனையில் பேருந்து திரும்புவது வாசலில் நிற்பவனுக்கு முன்பே மொட்டை மாடியில் நிற்பவனுக்குத் தெரிவது போல. வித்தியாசம் ஏழு கிலோமீட்டர்தான். ஒலி வேகத்தை ஒட்டி வரும் ஏவுகணைக்கு அது சுமார் இருபது வினாடி. எத்தனை சக்திவாய்ந்த ரேடாராக இருந்தாலும் அடிவானத்தைத் துளைத்துப் பார்க்க முடியாது. உயரம் ஒன்றுதான் வழி. கப்பலில் உயரம் என்பது நேரம்.

ஆனால் உயரத்தில் பாரம் வைத்தால் கப்பல் கவிழப் பார்க்கும். அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகைக் கப்பல்களில் நான்கு ரேடார் பலகைகளை மேல்கட்டடத்தின் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். சுற்றவே வேண்டாம், எப்போதும் நான்கு திசையும் கண்ணில் இருக்கும். ஆனால் கனம் அதிகம், அதனால் இடம் தாழ்வு. நம் கடற்படையின் ஐஎன்எஸ் சென்னையிலும் நான்கு பலகைகள்தான். அவற்றைக் கோபுரத்தின் நான்கு பக்கமும் ஏற்றியிருக்கிறார்கள். பிரிட்டன்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். இரண்டே பலகைகள், முதுகோடு முதுகாக, உருண்டைக்குள் சுழலும்படி. சாம்ப்சன் என்று பெயர். நிமிடத்துக்கு 30 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடி. இரண்டு முகம் இருப்பதால் வானத்தின் எந்தப் பகுதியும் வினாடிக்கு ஒரு முறையாவது பார்வைக்கு வந்துவிடும். பலகை குறைந்ததால் எடை குறைந்தது, எடை குறைந்ததால் மேலே ஏற்ற முடிந்தது. இந்த ரேடாரை உருவாக்கியது வெகு தொலைவில் அல்ல. சோலன்ட்டுக்கு அந்தப் பக்கம், வைட் தீவின் கௌஸ் ஊரில்.

பின்பக்கத்தில் இன்னொரு ரேடார் இருக்கிறது. சுமார் 400 கிலோமீட்டர் வரை வானத்தை அலசும் பெரிய கறுப்புப் பலகை. எங்கோ உயரத்தில் வரும் விமானத்தை முன்கூட்டிச் சொல்வது அதன் வேலை. சண்டையை நடத்துவது சாம்ப்சன்.

அந்தத் தாழ்வான தடுப்புக்குள் இருப்பவை 48 ஏவுகணைக் கூண்டுகள், எட்டெட்டாக ஆறு கட்டு. படகிலிருந்து பார்த்தால் மூடிகள்கூடத் தெரியாது. இவற்றில் இருப்பது ஆஸ்டர் ஏவுகணை. சிறியது 30 கிலோமீட்டர் போகும். பெரியது 120 கிலோமீட்டர். நேராக மேலே கிளம்பி, பிறகு இலக்கின் பக்கம் சாயும். பழைய கப்பல்களில் ஏவுதளத்தையே எதிரி வரும் திசைக்குத் திருப்ப வேண்டியிருந்தது; இங்கே அந்த வினாடிகளும் மிச்சம். பறக்கும்போது எதிரி எங்கே என்று சாம்ப்சன் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசி நேரத்தில் ஏவுகணை தன் மூக்கிலுள்ள சொந்த ரேடாரைத் திறந்து தானே தேடிப் பிடிக்கும். வால் சிறகுகள் மட்டும் போதாது என்று, பக்கவாட்டில் வாயுவைப் பீய்ச்சி உடம்பையே ஒதுக்கித் தள்ளும் வசதியும் அதற்கு உண்டு. மொத்த ஏற்பாட்டுக்கும் சீ வைப்பர் என்று பெயர்.

இத்தனை கவலை எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் துறைமுகத்தின் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். நீர்ப்பேருந்தில் ஏறி காஸ்போர்ட் கரையில் உள்ள பிரிடிஸ் ஹார்டில் இறங்கினோம். 18ஆம் நூற்றாண்டு வெடிமருந்துக் கிடங்கு இப்போது கடற்படை ஆயுத அருங்காட்சியகம். மரப்பீப்பாய் வெடிமருந்தில் தொடங்கி எக்ஸோசெட் ஏவுகணை வரை ஒரே கூரையின் கீழ் நடந்து போய்விடலாம். எக்ஸோசெட் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படியொன்றும் பெரிதில்லை. ஐந்து மீட்டர் சுமாருக்கு ஒரு வெள்ளைக் குழாய், நான்கு சிறகு. பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1982 ஏப்ரல் 5 அன்று ஹெர்மிஸ், இன்வின்சிபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிகள் அர்ஜென்டினாவுடன் போரிட இந்தத் துறைமுகத்திலிருந்து ஃபாக்லாந்து தீவுகளுக்குப் புறப்பட்டன. பின்னாளில் இந்தியாவுக்கு வந்து விராட் ஆனது அந்த ஹெர்மிஸ்தான். அவற்றுக்கு வான்காவலாக முன்னால் நின்றவை டைப் 42 நாசகாரிகள். மே 4 அன்று அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எடான்டார் விமானங்கள் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட்டை ஏவின. ஷெஃபீல்டின் நடுவயிற்றில் ஒன்று பாய்ந்தது. 20 பேர் இறந்தார்கள். இழுத்துச் செல்லப்பட்ட கப்பல் 10ஆம் தேதி மூழ்கியது. மே 25 அன்று அதே வகையைச் சேர்ந்த கவன்ட்ரியை ஸ்கைஹாக் விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. அதில் 19 பேர். காவலுக்கு நின்றவையே இரண்டு போயின.

டைப் 42 மோசமான கப்பல் அல்ல. அதன் சீ டார்ட் ஏவுகணை உயரத்தில் வரும் விமானத்துக்கு எமன். ஆனால் ஒவ்வொரு இலக்கின் மேலும் கடைசி வரை ஒரு ரேடார் கற்றையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பிடிக்கக் கப்பலில் இருந்தவை இரண்டே கருவிகள். மூன்றாவதாக வருபவன் காத்திருக்க மாட்டானே. தாழ்வாகவும் கூட்டமாகவும் வந்தால் என்ன செய்வது என்பதே ஃபாக்லாந்து விட்டுப்போன கேள்வி. டைப் 45இன் உயர்ந்த கோபுரம், இருமுக ரேடார், தானே தேடும் ஏவுகணை, செங்குத்துக் கூண்டு ஆகிய நான்கும் அந்தக் கேள்விக்கு வரிவரியாக எழுதிய பதில். டைப் 42க்கும் ஒரு நல்ல நாள் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். அமெரிக்கப் போர்க்கப்பல் மிசூரியை நோக்கி வந்த ஈராக்கிய ஏவுகணையை கிளாஸ்டர் என்ற டைப் 42 சீ டார்ட்டால் அடித்து வீழ்த்தியது.

பதில் எழுதி முடிக்கவே காலம் பிடித்துவிட்டது. பிரான்ஸ், இத்தாலியோடு சேர்ந்து கட்டுவதாக இருந்த திட்டத்திலிருந்து பிரிட்டன் 1999இல் விலகியது. ஏவுகணையை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டு கப்பலைத் தனியாக வரைந்தது. கிளாஸ்கோவில் கட்டினார்கள்; முன்பகுதித் துண்டுகள் இதே போர்ட்ஸ்மவுத்தில் உருவாகி மிதவையில் வடக்கே போயின. முதல் கப்பல் டேரிங் 2006இல் நீரில் இறங்கி, 2009இல் கடற்படையில் சேர்ந்தது. கடைசிக் கப்பல் டங்கன் 2013இல். பன்னிரண்டு கட்டுவதாக இருந்தார்கள், அது எட்டானது, 2008இல் ஆறானது. ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கோடி பவுண்டு. இந்த ஆறு என்ற எண் பிறகு பெரிய தொல்லை கொடுத்தது.

காரணம் எஞ்சின். திரும்பும் படகில் அக்கா மகன் உற்சாகமாகிவிட்டான். அவனுடைய பாடமே இதுதான். டைப் 45இல் டர்பைன் நேரடியாகச் சுழல்விசிறியைத் திருப்புவதில்லை. இரண்டு கேஸ் டர்பைன்களும் இரண்டு டீசல் எஞ்சின்களும் மின்சாரம் தயாரிக்கும். அந்த மின்சாரம் மோட்டார்களையும் ஓட்டும், ரேடாருக்கும், கணினிக்கும், சமையலறைக்கும் போகும். நல்ல யோசனை. டர்பைனும் புதுமையானது: புகைபோக்கியில் வீணாகும் வெப்பத்தை மீட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை. அழுத்திய காற்றைக் குளிர்விக்க நடுவில் ஒரு குளிர்விப்பான் வேண்டும். வளைகுடா போன்ற வெந்நீர்க் கடலில் அந்தக் குளிர்விப்பானால் ஈடுகொடுக்க முடியவில்லை. டர்பைன் திடீரென்று நின்றால் மொத்தச் சுமையும் இரண்டு சிறிய டீசல்களின் தலையில் விழும். அவையும் தாங்காமல் நின்றுவிடும். பிறகு கப்பலே இருட்டு. "எல்லாமே ஒரே லைன் மாமா. கரண்ட் போனா ஃபேனும் போச்சு, பூட்டும் போச்சு, காவல்காரனும் போயிட்டான்" என்றான் அவன்.

2016இல் நாடாளுமன்றக் குழு வரை இந்த விவகாரம் போனது. கடைசியில் எல்லாக் கப்பலிலும் இரண்டு டீசலைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக மூன்றைப் பொருத்த முடிவு செய்தார்கள். கழற்றிப் பூட்டுவது என்று எழுத எளிதாக இருக்கிறது. கப்பலின் பக்கத்தை வெட்டித் திறந்துதான் எஞ்சினை வெளியே எடுக்க முடியும். பர்கன்ஹெட் தளத்தில் முதலில் டான்ட்லஸ் போய்த் திரும்பியது. டேரிங் கதை இன்னும் நீளம். 2017க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு அது பணிக்குத் திரும்பவில்லை. கட்டிய காலத்தைவிடப் பழுதுபார்த்த காலம் அதிகம் என்று துறைமுகப் படகுக்காரர்களே நையாண்டி பேசும் அளவுக்கு.

இருபது வினாடி மிச்சம்பிடிக்க அத்தனை மூளையைச் செலவழித்தவர்கள், ஆண்டுக்கணக்கில் நேரத்தைப் பழுது தளத்தில் விட்டார்கள்.

ஆனாலும் பரீட்சை நாள் வந்தபோது கப்பல் தேறியது. 2023 டிசம்பர் 16 அன்று செங்கடல் பக்கம் வணிகக் கப்பல்களுக்குக் காவல் நின்ற டயமண்ட், ஒரு ட்ரோனைச் சீ வைப்பரால் வீழ்த்தியது. 1991க்குப் பிறகு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று வானில் வந்த எதிரியை ஏவுகணையால் வீழ்த்தியது அதுவே முதல்முறை. 2024 ஜனவரி 9 இரவு ஏமனின் ஹூதிகள் அனுப்பிய ட்ரோன்களில் ஏழினை ஏவுகணையாலும் துப்பாக்கியாலும் அடித்தது. ஏப்ரல் 24 அன்று வணிகக் கப்பலைக் குறிவைத்து வந்த ஒரு பாலிஸ்டிக் ஏவுகணையையும் நடுவானில் உடைத்தது. படகிலிருந்து நான் பார்த்த அந்த மழித்த சாம்பல் நிறக் கப்பல்தான் இவ்வளவையும் செய்தது.

வந்தது எக்ஸோசெட் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய கேள்விக்குத் தயாரான கப்பலிடம் வேறு கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: மலிவான ட்ரோனை எத்தனை முறை விலையுயர்ந்த ஏவுகணையால் அடிப்பாய்? ஓர் ஆஸ்டரின் விலை பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. விலையைவிடவும் பெரிய சிக்கல் எண்ணிக்கை. 48 கூண்டு காலியானால் நடுக்கடலில் மீண்டும் நிரப்ப முடியாது. துறைமுகத்துக்குத்தான் வர வேண்டும். 2024 பிப்ரவரியில் டயமண்ட் பராமரிப்புக்கும் சரக்கேற்றவும் ஜிப்ரால்டருக்குத் திரும்பியபோது, அதன் இடத்தில் ரிச்மண்ட் என்ற சிறிய ஃபிரிகேட்டை அனுப்பினார்கள். இப்போது ஒவ்வொரு டைப் 45இலும், சீ வைப்பர் கூண்டுகளுக்கு முன்னால் கட்டும்போதே விட்டுவைத்த இடத்தில், சீ செப்டர் என்ற சிறு ஏவுகணைகள் 24 சேர்க்கப் போகிறார்கள். மொத்தம் 72 ஆகும். 2027 முதல் டிராகன்ஃபயர் என்ற லேசர் ஆயுதத்தையும் பொருத்தும் திட்டம் இருக்கிறது. ஒரு முறை சுட பத்து பவுண்டுக்கும் குறைவு என்கிறது பாதுகாப்பு அமைச்சகம்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள் வாரியர் என்ற பழைய போர்க்கப்பலை. 1860இல் நீரில் இறங்கியபோது உலகத்தில் அதை எதிர்க்கக் கப்பல் இல்லை; பிரிட்டன் கடற்படையின் முதல் இரும்பு உடல் கவசக் கப்பல். பத்தே ஆண்டுகளில் பழசாகிவிட்டது. போரில் ஒரு குண்டும் சுடாமல் ஓய்வுபெற்று, பிறகு பல காலம் எண்ணெய் நிரப்பும் துறையில் மிதக்கும் மேடையாகக் கிடந்து, 1987இல் புதுப்பொலிவோடு இங்கே வந்து சேர்ந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் துப்பாக்கித் தளத்தில் சாப்பாட்டு மேசைகளைப் பீரங்கிகளுக்கு நடுவே தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம்.

டைப் 45 வாரியரைப் போல வீணாகப் போகவில்லை. சுட வேண்டிய நேரத்தில் சுட்டது, சரியாகச் சுட்டது. உயரமும் கண்ணும் கணக்கும் எல்லாம் சரியாகவே இருந்தன. தவறியது எண்ணிக்கையில். ஆறில் இரண்டு பழுதில், இரண்டு பராமரிப்பில் என்றால், உலகத்தின் மிகக் கூர்மையான ரேடாரும் துறைமுகத்துக் கட்டடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த தலைமுறைக் கப்பலை இப்போது வரைந்துகொண்டிருப்பவர்கள் கோபுரத்தை இன்னும் எத்தனை மீட்டர் உயர்த்தலாம் என்று யோசிப்பதற்கு முன், அதே பணத்தில் இன்னும் எத்தனை கப்பல் கட்டலாம் என்று யோசிப்பது நல்லது.